ஒன்றாக்கக் கணக்குக்கு ஏன் இத்தனை விதமான விடைகள்

வடகரப்பதியிலிருந்து வந்து படிக்கும் மாணவர் ஒருவர், இறுதியாண்டுத் திட்டத்துக்காகத் தாம் எழுதிய நிரலையும் அதோடு ஒரு கேள்வியையும் எனக்கு அனுப்பியிருந்தார். கேள்வியின் சாரம் இது: "சார், இயற்கணிதக் கோவைகளை விதிகளைக் கொண்டு சுருக்கும் நிரல் ஒன்றை எழுதுகிறேன். அதற்காக யூனிஃபிகேஷன் பகுதியை எழுதினேன். சிறிய கணக்குகளுக்கு உடனே விடை வருகிறது; 30 மாறிகள் உள்ள ஒரு கணக்கைக் கொடுத்ததும் கணினி நின்றுவிடுகிறது. ஒரு நூலில் இது கணக்கின் நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் முடியும் என்றும், இன்னொன்றில் அடுக்குக்குறி வேகத்தில் வளரும் என்றும், வேறொன்றில் விரைவான வழி எதுவும் அறியப்படாத என்பி-முழுமை வகைக் கணக்கு என்றும், மற்றொன்றில் தீர்மானிக்கவே முடியாது என்றும் படித்தேன். இவற்றில் எது சரி?"

நான்கும் சரி. நான்கு நூல்களும் ஒரே பெயரில் வெவ்வேறு கணக்குகளைப் பற்றிப் பேசுகின்றன. உறுப்புகளை (மாறிகள், மாறிலிகள், சார்புகள் கொண்டு கட்டிய கோவைகளை) நினைவகத்தில் எப்படி எழுதி வைக்கிறோம், எந்தச் சமன்பாடுகளை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறோம், "விடை உண்டா" என்று மட்டும் கேட்கிறோமா அல்லது "எல்லா விடைகளையும் தருக" என்று கேட்கிறோமா என்பதைச் சொல்லாமல் ஒன்றாக்கத்தின் கடினத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாது. யூனிஃபிகேஷன் என்பதை இனி ஒன்றாக்கம் என்றே எழுதுகிறேன்.

கணக்கின் அடிப்படை வடிவம் எளியது. சோடி(க, ஆறு), சோடி(குளம், ச) என்று இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. இவற்றில் க, ச இரண்டும் மாறிகள், ஆறு, குளம் இரண்டும் மாறிலிகள். க-வுக்குக் குளம் என்றும் ச-வுக்கு ஆறு என்றும் பிரதியிட்டால் இரண்டு உறுப்புகளும் ஒன்றாகிவிடும். அப்படிப்பட்ட பிரதியீட்டைக் கண்டுபிடிப்பதே ஒன்றாக்கம். இந்தக் கருத்தின் வித்து பிரெஞ்சுத் தர்க்கவியலாளர் எர்ப்ரான் 1930-இல் எழுதிய ஆய்வேட்டிலேயே இருக்கிறது. ஆனால் இதைத் தனிப் படிமுறையாக வகுத்து, கணினி வழித் தேற்ற நிறுவலின் நடுவே நிறுத்தியவர் ராபின்சன். 1965-இல் அவர் எழுதிய கட்டுரை, விடை இருக்குமானால் மற்ற எல்லா விடைகளையும் தன்னுள் அடக்கிய மிகப் பொதுவான விடை ஒன்று உண்டு என்பதையும் நிறுவியது. அந்த ஒற்றை விடையின் இருப்பே இக்கணக்கின் பெரிய வசதி. பின்னால் அந்த வசதி எப்படிக் கைநழுவுகிறது என்பதையும் பார்ப்போம்.

இப்போது உங்கள் நிரல் ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். நீங்கள் கொடுத்த கணக்கு இந்த வடிவில் இருந்தது: க1 = சோடி(க0, க0), க2 = சோடி(க1, க1), க3 = சோடி(க2, க2), இப்படியே க30 வரை. ராபின்சனின் முறையை எழுத்துக்கு எழுத்து நிரலாக்கினால், ஒவ்வொரு பிரதியீட்டின்போதும் மாறி இருந்த இடத்தில் அதன் முழு மதிப்பும் படியெடுத்து எழுதப்படும். க1-இல் க0 இரண்டு முறை வருகிறது. க2-இல் நான்கு முறை. க30-இல் 2-இன் 30-ஆம் அடுக்கு, அதாவது 107,37,41,824 முறை. கேள்வி அரைப் பக்கத்தில் அடங்குகிறது, விடையோ நினைவகத்தில் அடங்கவில்லை. "அடுக்குக்குறி வேகத்தில் வளரும்" என்று நீங்கள் படித்தது இதைத்தான்.

இதற்கு முதல் மருந்து, படியெடுப்பதை நிறுத்திவிட்டுச் சுட்டிகளை வைத்துக்கொள்வது. சோடி(க29, க29) என்பதில் இரண்டு கைகளும் (அடைப்புக்குள் உள்ள இரண்டு உள்ளீடுகளும்) நினைவகத்தின் ஒரே இடத்தைச் சுட்டட்டும். முழு உறுப்பும் சுற்றில்லாத ஒரு வரைபடமாக 31 கணுக்களில் அடங்கிவிடும். பெரும்பாலான மாணவர்கள் இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் நிரலின் இரண்டாம் பதிப்பிலும் இதைத்தான் செய்திருக்கிறீர்கள், ஆனாலும் அது நின்றது. காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். க-வரிசையைப் போலவே ச-வரிசை ஒன்றும் இருந்து, கடைசியில் க30 = ச30 என்று கேட்கப்படுகிறது என்று கொள்க. நிரல் முதலில் இடக்கைகளை ஒப்பிடுகிறது, பிறகு வலக்கைகளை ஒப்பிடுகிறது. இடக்கை ஒப்பீட்டில் க29-உம் ச29-உம் ஒன்று என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதை எங்கும் குறித்து வைக்காததால் வலக்கையில் அதே ஒப்பீட்டை மீண்டும் அடியிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு படியிலும் வேலை இரட்டிப்பாகிறது. இடத்தை மிச்சப்படுத்தினோம், நேரத்தை மிச்சப்படுத்தவில்லை.

ஆகவே ஒப்பிட்டு முடித்த இரு கணுக்களையும் ஒரே வகுப்பில் சேர்த்துவிட வேண்டும். பிறகு எப்போது அதே இரண்டும் எதிரெதிரே வந்தாலும், "இவை முன்பே ஒன்றுதான்" என்று ஒரு நொடியில் கடந்துவிடலாம். எத்தனை முறை சேர்க்க முடியும்? கணுக்களின் எண்ணிக்கை எவ்வளவோ அதைவிட ஒன்று குறைவு. அதற்குமேல் சேர்க்க வகுப்புகளே மிஞ்சாது. உங்கள் கணக்கு நூறு கோடிப் படிகளிலிருந்து சில டஜன் படிகளுக்கு இறங்கிவிடுவது இந்த ஒரு மாற்றத்தால்தான். ஒரு மாறி தன் மதிப்புக்குள்ளேயே வருகிறதா என்ற சோதனையை ஒவ்வொரு பிரதியீட்டின்போதும் செய்யாமல், எல்லாம் முடிந்தபின் வகுப்புகளிடையே சுற்று இருக்கிறதா என்று ஒரே முறை பார்த்தால் போதும். ஹ்யூவே 1976-இல் இந்த வழியில் ஏறத்தாழ நேர்விகித நேரத்தை எட்டினார். பேட்டர்சனும் வெக்மனும் 1976-இல் அறிவித்து 1978-இல் இதழில் வெளியிட்ட முறை துல்லியமாகவே நேர்விகித நேரத்தில் முடிகிறது. 1982-இல் வந்த மார்தெல்லி–மொந்தனாரி முறை சமன்பாடுகளை மாற்றி எழுதும் விதிகளாக இதைச் சொல்லியது. கற்பிக்க அதைவிடத் தெளிவான வடிவத்தை நான் கண்டதில்லை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். படிமுறை எவ்வளவு வேகமானதாக இருந்தாலும், கடைசி வரியில் விடையை முழு உறுப்பாக விரித்து அச்சிடச் சொன்னால் அந்த நூறு கோடியும் அப்படியே திரும்பி வந்துவிடும். விடையைக் "க30 = சோடி(க29, க29)" என்ற வரிசைகளாகவே அச்சிடுங்கள்.

சுற்றுச் சோதனையைப் பற்றி ஒரு சொல். 1972-இல் மார்சேயில் கொல்மெரோவரும் அவர் குழுவினரும் உருவாக்கிய ப்ரோலாக் என்ற தர்க்க நிரலாக்க மொழி, வேகம் கருதி இந்தச் சோதனையை விட்டுவிட்டது. அதனால் க = சோடி(க, க) என்பதற்கு "விடை இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெரும்பாலான ப்ரோலாக்குகள் ஒப்புக்கொண்டு மேலே செல்கின்றன. முடிவில்லா உறுப்புகளை முறையாகவே ஏற்றுக்கொண்டு தர்க்கத்தை அதற்கேற்பத் திருத்தியவரும் கொல்மெரோவரே. அப்படித் திருத்தாமல் சோதனையை மட்டும் விட்டுவிட்டால், நிறுவப்படாத தேற்றத்தை நிறுவியதாக நிரல் சொல்லும். சுருக்க விதிகளின் சரித்தன்மையை ஆராயும் நிரலுக்கு அது பொறுக்கத்தக்க பிழை அன்று.

நேர்விகித நேரம் கிடைத்துவிட்டது என்றால், பல செயலிகளை ஒரே நேரத்தில் ஓட்டி இதை இன்னும் விரைவாக்க முடியுமா? 1984-இல் ட்வொர்க், கனெல்லாக்கிஸ், மிட்செல் மூவரும் இக்கணக்கு பி வகுப்புக்கு, அதாவது பல்லுறுப்புக்கோவை நேரத்தில் (உள்ளீட்டின் நீளத்தின் ஏதோ ஒரு நிலையான அடுக்கை மீறாத படிகளில்) தீரும் கணக்குகளின் வகுப்புக்கு, முழுமையானது என்று நிறுவினார்கள். தர்க்க வாயில்களை இணைத்த மின்சுற்று ஒன்றின் வெளியீட்டைக் கணிக்கும் கணக்கை ஒன்றாக்கக் கணக்காக மாற்றி எழுத முடியும் என்பதே அதன் பொருள். ஒரு வாயிலின் வெளியீடு தெரிந்தால்தான் அடுத்ததன் உள்ளீடு தெரியும் என்ற அந்த வரிசைக் கட்டாயம் இங்கும் வந்துவிடுகிறது. ஆயிரம் செயலிகளைக் கொடுத்தாலும், மிக மோசமான கணக்குகளில் பெரிய ஆதாயம் கிடைக்காது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதே கட்டுரை சொல்லும் மறுபக்கம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்: மாறிகள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்குமானால், அதாவது அது பொருத்தம் பார்க்கும் கணக்கு மட்டுமே என்றால், இணைச் செயலாக்கத்துக்கு அது நன்றாக இடம் கொடுக்கும். விதிகளைக் கொண்டு உறுப்புகளை மாற்றி எழுதும் உறுப்பு மாற்றெழுத்து முறையில் ஒரு விதியைப் பயன்படுத்தப் பொருத்தம் போதும். மாறிகள் விதியில் மட்டும் இருக்கின்றன, சுருக்கப்படும் கோவையை அப்படியே நிலையாகக் கொள்கிறோம். இரண்டு விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று க்னூத்–பெண்டிக்ஸ் 1970-இல் காட்டிய வழியில் ஆராயும்போதுதான் முழு ஒன்றாக்கம் தேவைப்படுகிறது.

இதுவரை சொன்னது எல்லாம், சோடி என்ற சார்புக்கு எந்தப் பண்பும் இல்லை என்ற எடுகோளின்மேல் நிற்கிறது. உங்கள் திட்டத்தில் வருவதோ கூட்டல். எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்து வந்த மாணவர்களுக்குச் சேர்ப்பு விதி, பரிமாற்று விதி என்ற பெயர்களை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு எளிய விதிகளும் இந்தக் கணக்கில் நுழைந்ததும் என்ன ஆகிறது என்பது ஒவ்வோர் ஆண்டும் வகுப்பைத் திகைக்க வைக்கிறது. வேலந்தாவளத்துக் காய்கறிச் சந்தையிலிருந்து கிளம்பும் வண்டியின் சரக்குப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். தக்காளி முதலில் எழுதப்பட்டதா, முருங்கைக்காய் முதலில் எழுதப்பட்டதா என்பது முக்கியமன்று. எந்தெந்தச் சரக்கு எத்தனை முறை வருகிறது என்பதே முக்கியம். சேர்ப்பும் பரிமாற்றும் சேர்ந்த கூட்டல் அப்படிப்பட்ட பட்டியல்தான். இரண்டு பட்டியல்களை ஒன்றாக்குவது, சரக்குகளின் எண்ணிக்கைகளைச் சமப்படுத்துவது. அதாவது முழு எண்களில் நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பது.

பரிமாற்று விதி மட்டும் இருந்தாலே விடை உண்டா என்ற கேள்வி என்பி-முழுமை ஆகிவிடுகிறது. ஒவ்வொரு கணுவிலும் கைகளை மாற்றலாமா கூடாதா என்ற இரட்டைத் தேர்வு அதற்குப் போதும். இரண்டு விதிகளும் சேர்ந்த கூட்டலில், மாறிகள் மட்டுமே இருக்கும்வரை விடை உண்டா என்பது எளிது; மாறிலிகள் வந்துவிட்டால் அதுவும் என்பி-முழுமை. தீபக் கபூரும் பாலியத் நரேந்திரனும் இதையும் இதைப் போன்ற பல கணக்குகளையும் வரிசையாக ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். ஆனால் என் மனத்தில் தங்கியிருப்பது இந்தக் கேள்வியன்று. எல்லா விடைகளையும் தருக என்ற கேள்விதான்.

மாறிகள் மட்டுமே உள்ள, மிகச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம்: க + க + க + க = ச1 + ச2 + ச3 + ச4. ஒரு புதிய சரக்கை எடுத்துக்கொண்டு, அது க-வில் ஒரு முறை வந்தால் ச-க்கள் நான்கிலும் சேர்த்து எத்தனை முறை வர வேண்டும் என்று கேட்டால், நான்கு முறை என்பது வெளிப்படை. நான்கை நான்கு இடங்களில், சுழியும் அனுமதித்து, பிரித்து வைக்க 35 வழிகள் உள்ளன. இவையே அடிப்படைத் தீர்வுகள். வேறு எந்தத் தீர்வும் இவற்றின் கூட்டாகவே கிடைக்கும். ஒவ்வொரு பொதுவான விடையும் இந்த 35-இலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டப்படுகிறது. ஒரே ஒரு நிபந்தனை: எந்த மாறியும் வெறுமையாகிவிடக் கூடாது, ஏனெனில் இந்தக் கூட்டலில் சுழி என்ற உறுப்பு இல்லை.

இனி எண்ணிப் பார்க்கலாம். 35 பொருள்களின் உட்கணங்கள் 2-இன் 35-ஆம் அடுக்கு, அதாவது 34,35,97,38,368. ஒரு குறிப்பிட்ட ச வெறுமையாக இருக்கும் அடிப்படைத் தீர்வுகள் 15. அவற்றின் உட்கணங்கள் 32,768. நான்கு ச-க்களுக்குமாகச் சேர்த்து 1,31,072-ஐக் கழிக்க வேண்டும். இரண்டு ச-க்கள் வெறுமையாக இருப்பவை இருமுறை கழிக்கப்பட்டுவிட்டதால், ஆறு சோடிகளுக்கும் 32 வீதம் 192-ஐத் திரும்பக் கூட்ட வேண்டும். மூன்று வெறுமையானவற்றுக்காக 8-ஐக் கழித்து, நான்கும் வெறுமையானதற்காக 1-ஐக் கூட்ட வேண்டும். கிடைப்பது 34,35,96,07,481. இத்தனை விடைகளும் வேண்டும். இவற்றில் ஒன்றுகூட மற்றொன்றுக்குள் அடங்காது. டோமன்ஜூ என்ற ஆய்வாளர் கொடுத்த புகழ்பெற்ற எண் இது. ஐந்தே மாறிகளில் எழுதப்பட்ட ஒரு வரிச் சமன்பாட்டுக்கு மூவாயிரத்து நானூறு கோடிக்கு மேற்பட்ட விடைகள்! முதலில் சொன்ன ஒற்றை விடை என்ற வசதி எவ்வளவு தொலைவு போய்விட்டது என்று பாருங்கள். கபூரும் நரேந்திரனும், இந்த விடைத் தொகுதியின் அளவு கேள்வியின் நீளத்துக்கு இரட்டை அடுக்குக்குறியாக (அடுக்கின் மேல் அடுக்காக) வளரக்கூடும் என்பதையும் அதே 1992-இல் நிறுவினார்கள்.

இதோடு சேர்த்து வியக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கூட்டலுக்குச் சுழியையும் கொடுத்துவிட்டு, மாறி வெறுமையாகலாம் என்று அனுமதித்துவிட்டால், அதே சமன்பாட்டுக்கு மிகப் பொதுவான விடை ஒன்றே ஒன்றுதான்: 35 அடிப்படைத் தீர்வுகளையும் ஒருசேர வைத்துக்கொள்வது. வேண்டாதவற்றைப் பின்னர் சுழியாக்கிக்கொள்ளலாம். ஒரு விதியைக் கூடுதலாகச் சேர்த்ததும் கணக்கு கடினமாகவில்லை, எளிதாகிவிட்டது. விதிகள் கூடக் கூடச் சிக்கலும் கூடும் என்று நம் மனம் இயல்பாக எண்ணுவது இங்கே தவறு.

பரிமாற்று விதியை எடுத்துவிட்டுச் சேர்ப்பு விதியை மட்டும் வைத்தால், பட்டியலாக இருந்தது சொல்லாக மாறுகிறது. இப்போது வரிசை முக்கியம். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் பேருந்தின் நிறுத்தங்களை முன்பின் மாற்றி எழுதினால் அது வேறு வழித்தடம். இங்கே ஓர் எழுத்தையும் ஒரு மாறியையும் வைத்து எழுதிய மிகச் சிறிய சமன்பாடே, "எழுத்து முன், மாறி பின்" என்பதும் "மாறி முன், எழுத்து பின்" என்பதும் சமம் என்பதே, முடிவில்லாத விடைகளைத் தருகிறது: அந்த எழுத்து ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை என்று போய்க்கொண்டே இருக்கும். ப்ளாட்கின் 1972-இல் இதைச் சுட்டினார். விடை உண்டா என்றாவது தீர்மானிக்க முடியுமா என்பது 1977-இல் மக்கானின் முடியும் என்று நிறுவும்வரை திறந்தே கிடந்தது. ப்ளான்டோவ்ஸ்கி 1999-இல் அதைப் பல்லுறுப்புக்கோவை அளவு நினைவகத்துக்குள் அடக்கினார். ஆர்தர் யேஷ் சொற்களை மீண்டும் மீண்டும் சுருக்கும் முறையால் அதையே பெரிதும் எளிமையாக்கினார். கீழ்வரம்பாக நாம் அறிந்தது என்பி-கடினம், அதாவது என்பி-முழுமைக் கணக்குகளைவிட எளிதன்று என்பது, மட்டுமே. அந்த இடைவெளி இன்னும் அடைபடவில்லை.

கூட்டலோடு பெருக்கலையும் சேர்த்து, பங்கீட்டு விதி உட்பட முழு எண்களின் வளையம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒன்றாக்கம் என்பது ஹில்பெர்ட்டின் பத்தாவது கணக்காகவே (ஒரு பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கு முழு எண் தீர்வு உண்டா என்று கேட்கும் கணக்காகவே) ஆகிவிடுகிறது. 1970-இல் மத்தியசேவிச் காட்டியபடி அதற்குப் படிமுறையே கிடையாது. உங்கள் திட்டத்தில் இரண்டும் வருகின்றன என்பதால் இதை முக்கியமாகக் கவனியுங்கள். மாறிகள் சார்புகளின் இடத்திலும் வரலாம் என்ற உயர்வரிசைத் தர்க்கத்திலும் இதே கதைதான்: மூன்றாம் வரிசைக்கு 1973-இல் ஹ்யூவேயும், இரண்டாம் வரிசைக்கு 1981-இல் கோல்ட்ஃபார்பும் தீர்மானிக்க இயலாமையை நிறுவினர். அங்கேயும் மில்லர் 1991-இல் ஒரு குறுகிய வகையை, சார்பு மாறிக்குள் ஒன்றோடொன்று வேறுபட்ட கட்டுண்ட மாறிகள் (சார்பின் வரையறைக்குள்ளேயே அறிவிக்கப்பட்ட மாறிகள்) மட்டுமே வரலாம் என்ற வகையை, பிரித்தெடுத்து, அதில் ஒற்றை விடை திரும்பக் கிடைப்பதைக் காட்டினார். தேற்ற நிறுவல் நிரல்கள் பல இன்று அந்தக் குறுகிய நிலத்தில்தான் பயிர் செய்கின்றன.

உங்கள் நிரலுக்கு வருகிறேன், தம்பி. கோவையைச் சுருக்கும்போது கூட்டல், பெருக்கல் இரண்டுக்கும் ஒன்றாக்கத்தை அழைக்காதீர்கள். பொருத்தம் மட்டும் பாருங்கள். பட்டியல் போன்ற கூட்டலில் பொருத்தமும் பொதுவாக என்பி-முழுமைதான். ஆனால் விதியின் இடப்பக்கத்தில் ஒவ்வொரு மாறியும் ஒரே முறை மட்டும் வருமானால் அது பல்லுறுப்புக்கோவை நேரத்தில் முடியும் என்று பெனனவ், கபூர், நரேந்திரன் மூவரும் 1985-இல் காட்டியிருக்கிறார்கள். உங்கள் விதிகளில் "க + 0 என்பது க" என்பது அப்படிப்பட்டது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். "க + க என்பது 2க" என்பது அப்படிப்பட்டதன்று, மாறி இருமுறை வருகிறது. அதை விதியாக வைக்காமல், கூட்டலின் கைகளை எல்லாம் ஒரே பட்டியலாக்கி, ஒரு நிலையான வரிசையில் அடுக்கி, அருகருகே வரும் ஒத்த உறுப்புகளை எண்ணிக் கெழுவாக எழுதும் சிறு செயல்முறையாக மாற்றிவிடுங்கள். "க×ச + க×த என்பது க×(ச + த)" என்ற மூன்றாம் விதியிலும் க இருமுறை வருகிறது. அதை எப்போது பயன்படுத்துவது என்பதை நிரலே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல், பயனர் கேட்கும்போது மட்டும் ஓடும்படி தனியே வைத்துவிடுங்கள். சோடி போன்ற பண்பில்லாத சார்புகளுக்கு மட்டும் மேலே சொன்ன வகுப்புச் சேர்க்கை முறையில் ஒன்றாக்கத்தை எழுதுங்கள். அந்த 30 மாறிக் கணக்கை மறுபடியும் கொடுத்து, விடையை விரிக்காமல் அச்சிட்டுப் பாருங்கள்.